பதினெட்டு கிலோ

சென்னையிலிருந்து திருப்பதி போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். திருவள்ளூர் தாண்டி, திருத்தணி வருவதற்குள் கடந்துபோகும் கனகம்மாசத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. மலைக்கு நடந்தும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில், ராத்திரி படுத்து எழ வழியில் ஓர் இடம் வேண்டியிருந்தது. இப்போதும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு இந்தச் சாலையில் ஆட்கள் நடக்கிறார்கள். கன்னத்தில் அலகு குத்தியவர்களைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். சாயங்காலம் அலகை எடுத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு சிரித்தபடி பஸ் ஏறுவார்கள்.

1997ல் எங்கள் வீட்டிலேயே ஒருவருக்குக் கன்னத்தில் ஓட்டை விழுந்தது. தாத்தாவுக்கு. அதற்கு எந்த வேண்டுதலும் காரணமில்லை. வெற்றிலையோடு சேர்த்து நாற்பது வருஷம் அடக்கிய புகையிலை. எனக்கு எட்டு வயது. பின்கட்டு அறைக்குள் என்னை விடமாட்டார்கள், அதனால் பார்த்தது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். எங்கள் பக்கம் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. பகலெல்லாம் தமிழில் பேசுகிற தாத்தா ராத்திரியில் தெலுங்கில் முனகுவார். "நொப்பி ரா... நொப்பி." நோவு என்பதும் நொப்பி என்பதும் ஒரே வேரில் வந்த சொற்கள் என்று பிற்பாடு காலேஜில் படித்தபோது, எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் "இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பியிருந்தார்கள். கையில் இருந்தது பாராசிட்டமால். அப்பா கிளம்பும்போது கேட்டாராம், "வலிக்கு மட்டுமாவது இதுக்கு மேல மருந்து இல்லீங்களா சார்?"

"இல்லீங்க."

நாலு மாசம் கழித்து தாத்தா செத்துப்போனார். அந்த "இல்லீங்க" உண்மையில்லை என்று எனக்குத் தெரியவர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. மருந்து இருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்டு ஏறக்குறைய 190 வருஷம் ஆகியிருந்தது. அதற்கான மூலப்பொருள் நம் நாட்டிலேயே விளைந்தது, வெளிநாட்டுக்கும் போனது. பிறகு எப்படி ஒரு டாக்டர் "இல்லை" என்று சொல்ல நேர்ந்தது?

கசகசாச் செடி

குருமாவுக்கு அரைக்கிற கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயிலிருந்து வருவதுதான் அபின். பச்சைக் காயைக் கீறிவிட்டால் பால் வடியும், காற்றுப் பட்டுக் கறுத்துப் பிசினாகும். வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் இருமலுக்கும் நம் பழைய வைத்தியங்களில் அதற்கு இடம் இருந்தது.

அதைப் பெரும் வியாபாரமாக்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1773ல் வங்காளத்து அபினைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பீகாரிலும் காசி வட்டாரத்திலும் விவசாயிக்கு முன்பணம் கொடுத்துப் பயிரிட வைத்து, கம்பெனி சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டது. 1820ல் கங்கைக் கரையில் காஸிப்பூரில் அபின் ஆலை வந்தது. கல்கத்தா ஏலத்தில் விற்ற சரக்கு சீனாவுக்குக் கடத்தப்பட்டது. சீனா தடுக்கப் பார்த்தபோது இரண்டு யுத்தங்கள் நடந்தன. லண்டனில் எதிர்ப்பு கிளம்பி 1893ல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1895ல் வந்த அறிக்கை இந்தியாவில் அபினுக்குத் தடை தேவையில்லை என்றது. வருமானம் அப்படி. அந்த காஸிப்பூர் ஆலை இன்றைக்கும் ஓடுகிறது, இந்திய அரசின் ஆலையாக. மத்தியப் பிரதேசத்து நீமச்சில் இன்னொன்று இருக்கிறது. ம.பி., ராஜஸ்தான், உ.பி. மூன்று மாநிலங்களிலும் லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் இன்றும் அபின் பயிரிட்டு, பிசினை கிராம் கணக்கில் எடைபோட்டு அரசிடம் ஒப்படைக்கிறார்கள்.

இதற்கிடையில் ஜெர்மனியில் இன்னொரு கதை. ஸெர்டர்னர் என்ற இளைஞர் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். அபினில் தூக்கத்தையும் வலி நிவாரணத்தையும் தருகிற சரக்கு எது என்று தேடி, 1805 வாக்கில் அதை வெள்ளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். தன் மேலும் மூன்று இளைஞர்கள் மேலும் சோதித்துப் பார்த்து, கிட்டத்தட்ட செத்துப் பிழைத்தார். கனவுக் கடவுள் மார்ஃபியஸின் பெயரை அதற்கு வைத்தார். அதுதான் மார்ஃபின். 1827ல் மெர்க் அதை வியாபாரமாகத் தயாரிக்கத் தொடங்கியது. 1850களில் ஊசிக்குழல் வந்ததும் மார்ஃபினின் வேகம் கூடியது, அதற்கு அடிமையாகிறவர்களின் எண்ணிக்கையும் கூடியது.

ஆக இருபதாம் நூற்றாண்டுக்கு இரண்டு பாடங்கள் கையில் இருந்தன. இதைப்போல வலியைத் தணிக்கிற மருந்து வேறில்லை. இதைப்போல ஒரு நாட்டையே படுக்கவைக்கிற சரக்கும் அதிகமில்லை. 1912ல் ஹேக் நகரில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து 1961ல் ஐ.நா. கொண்டுவந்த போதைப்பொருள் ஒற்றை ஒப்பந்தம் வரைக்கும் உலகம் இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்த்தது. 1961 ஒப்பந்தத்தின் முன்னுரையே, வலி தீர்க்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைப்பதை நாடுகள் உறுதிசெய்யவேண்டும் என்கிறது. அடுத்த வரிகளில் அடிமைத்தனத்தின் ஆபத்தைச் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட நாடுகளில் பலவும் இரண்டாவது பாதியை மட்டும்தான் சட்டமாக்கின.

1985

நாமும் அதைத்தான் செய்தோம். போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று அமலுக்கு வந்தது. குற்றம் நிரூபணமானால் குறைந்தது பத்து வருஷம் கடுங்காவல். கொஞ்சமா, நிறையவா என்று அளவைப் பார்த்துத் தண்டனையைப் பிரிக்கிற திருத்தம் 2001ல்தான் வந்தது. மார்ஃபின் ஸ்டாக் வைத்திருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் பேப்பரில் ஏதாவது தவறினாலும் இதே சட்டத்தின் நிழல் மேலே விழும்.

மருந்துக்கு இந்தச் சட்டம் தடை போடவில்லை, அதைக் கவனிக்கணும். விதிகளை எழுதிக்கொள்ளும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி எழுதியது. மார்ஃபின் மாத்திரை வாங்க ஓர் ஆஸ்பத்திரிக்கு நாலைந்து லைசென்ஸ் வரை தேவைப்பட்டது. வைத்துக்கொள்ள ஒன்று, தன் மாநிலத்துக்குள் கொண்டுவர ஒன்று, அனுப்புகிற மாநிலத்திலிருந்து வெளியே எடுக்க ஒன்று, வழியில் கொண்டுவர ஒன்று. வெவ்வேறு அலுவலகங்கள் கொடுக்கிற இந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்கவேண்டும். கடைசிக் காகிதம் கைக்கு வருவதற்குள் முதல் காகிதம் காலாவதியாகிவிடும்.

எல்லைப்புறத்துக்காரனுக்கு இது விசித்திரமாகத் தெரியும். திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்ததுதான். கோடு மாறியதே தவிர போக்குவரத்து மாறவில்லை. நகரியிலிருந்து இங்கே பெண் எடுக்கிறோம். எலும்பு முறிந்தால் எல்லை தாண்டிப் போய்ப் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வருகிறோம். வலி இருக்கிற ஆள் தடையில்லாமல் எல்லை தாண்டலாம், வலிக்கான மாத்திரை தாண்டுவதற்கு இரண்டு மாநிலங்கள் முத்திரை குத்தவேண்டும்.

விளைவு என்ன? ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதை விட்டன. வாங்காததால் மருந்துக்கடைகள் வைக்கவில்லை. இல்லாத மருந்தைப் பற்றிக் கல்லூரியில் யார் சொல்லித் தருவார்கள்? மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து முடித்து வந்தார்கள். தாத்தாவைப் பார்த்த டாக்டர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. அவர் உலகத்தில் அது இல்லை.

1985க்கும் 1997க்கும் நடுவில் இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் விழுந்தது. 1997ல் நாடு முழுக்கப் பயன்பட்டது 18 கிலோ. தினம் 60 மில்லிகிராம் சாப்பிடுகிற ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 22 கிராம் வேண்டும். பதினெட்டு கிலோவை வகுத்துப் பாருங்கள். எண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரு வருஷம் வரும். அப்போது இந்திய ஜனத்தொகை நூறு கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது.

சத்திரம் என்றொரு ஆஸ்பத்திரி

இறக்கப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற இடத்தை ஆங்கிலத்தில் ஹாஸ்பிஸ் என்கிறார்கள். அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் எங்கள் ஊர்ப் பெயர்தான். யாத்திரை போகிறவர்கள் தங்கிச் செல்கிற சத்திரம். ஐரோப்பாவில் மடங்கள் நடத்தின. 1967ல் லண்டனில் நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அதற்கு வைத்த பெயர் செயின்ட் கிறிஸ்டஃபர், வழிப்போக்கர்களின் புனிதர். சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து, சமூகப்பணியாளராகி, வலியில் சாகிறவர்களுக்காகவே பிற்பாடு மருத்துவம் படித்தவர். அவர் வலியுறுத்திய விஷயம் கேட்க ரொம்ப எளிமையானது. நோயாளி துடித்துக் கெஞ்சும்வரை காத்திருந்து மார்ஃபின் கொடுக்காதே. வலி திரும்பி வருவதற்கு முன்பே, மணி பார்த்து, வாய்வழியாகக் கொடு. கெஞ்சி வாங்கும்போதுதான் மனம் அந்த மருந்தையே நினைத்துக்கொண்டிருக்கும். நேரத்துக்கு வந்தால் அதுவும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை மாதிரி ஒன்றாகிவிடும்.

1986ல் உலக சுகாதார நிறுவனம் இதை ஏணிப்படியாக எழுதிக் கொடுத்தது. முதல் படியில் பாராசிட்டமால் வகை, இரண்டாவதில் கோடீன் போன்ற லேசான ஓபியாய்டு, மூன்றாவதில் மார்ஃபின். நம் சட்டம் வந்ததற்கு மறு வருஷம் இது. உலகம் ஏணி போட்டபோது நாம் மேல் படியைக் கழற்றி வைத்திருந்தோம்.

திரும்பப் பொருத்தியதில் பெரிய பங்கு கேரளாவுடையது. 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலானவர்கள் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாத்திரையை நோயாளியிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட வருகிற மனைவிக்கோ மகனுக்கோ கணக்கு எழுதச் சொல்லித் தந்தார்கள். 1998ல் மத்திய அரசு விதிகளை எளிமையாக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது, கேரளம் 1999ல் எளிமையாக்கியது. 2001ல் லான்செட் இதழில் கோழிக்கோட்டு அனுபவம் வந்தது. இரண்டு வருஷத்தில் 1,723 நோயாளிகள் வீட்டிலேயே மார்ஃபின் சாப்பிட்டிருக்கிறார்கள். தவறான பயன்பாடோ, வெளியே கைமாறியதோ ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை.

மறுபக்கத்துப் பள்ளம்

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை மார்ஃபினுக்கு விளம்பரமாகிவிடும். இதே மாதிரி ஓர் எண்ணை வைத்து ஒரு நாடே ஏமாந்த கதையையும் சொல்லியாகணும்.

1980ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஓபியாய்டு வாங்கிய 11,882 பேரில் புதிதாக அடிமையானவர்கள் நான்கே பேர். உள்நோயாளிகள், நர்ஸ் கண்ணெதிரில் கொடுத்த மருந்து. 1996ல் பர்டியூ ஃபார்மா ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, இந்தக் கடிதம் "ஓபியாய்டுக்கு அடிமையாவது அபூர்வம்" என்ற பிரசாரத்துக்கு ஆதாரமாகிப்போனது. முதுகுவலி, மூட்டுவலி என்று வருஷக்கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி 2007லும் 2020லும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரையில் தொடங்கிய பலர் ஹெராயினுக்குப் போனார்கள், பிறகு கள்ள ஃபென்டனில் வந்தது. 2022ல் மட்டும் ஓபியாய்டால் இறந்த அமெரிக்கர்கள் 80,000க்கும் மேல்.

அந்தக் கடிதத்தின் எண்ணும் உண்மை, கோழிக்கோட்டு எண்ணும் உண்மை. ஆனால் மருந்து சாது என்பதற்கு இரண்டுமே சாட்சியில்லை. யாருக்கு, எந்த வலிக்கு, யார் கண்காணிப்பில் என்ற ஏற்பாட்டுக்குத்தான் சாட்சி. ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது அமெரிக்கா. மருந்தையே கழற்றிவிட்டது இந்தியா.

நாள்பட்ட வலி எல்லாம் ஒன்றல்ல என்பதும் இதில் வருகிறது. எங்களுக்கு அரக்கோணம் வழியாகப் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி.க்கு 1946ல் வந்த பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார். விரல்களைத் தின்பது கிருமி இல்லை, வலி தெரியாமை. சுடுவது தெரியாமல் பாத்திரத்தைப் பிடிப்பதும், ஆணி ஏறியது தெரியாமல் நடப்பதும்தான் அவர்களைச் சிதைத்தது. வலி ஒரு காவல்காரன் என்று அவர் வாழ்நாளெல்லாம் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் திருடன் போன பிறகும், திருடனே வராதபோதும் விசில் ஊதிக்கொண்டே இருக்கிற காவல்காரன் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற முதுகுவலியும் மூட்டுவலியும் பல சமயம் அந்த ரகம். அங்கே நரம்பு மண்டலமே வலிக்குப் பழகிப்போயிருக்கும். 2018ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிப்பட்ட 240 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் பார்த்தார்கள். ஓபியாய்டு சாப்பிட்டவர்களின் அன்றாட இயக்கம் மற்ற மருந்து சாப்பிட்டவர்களைவிட மேம்படவில்லை. அங்கே உடற்பயிற்சி, பிசியோதெரபி, தூக்கம், நரம்புக்கான மருந்துகள் என்று வழி வேறு. புற்றுநோய் எலும்பைத் தின்கிறபோது வருகிற வலிக்கு மார்ஃபினின் இடம் வேறு.

நம் ஊரிலும் பயம் அர்த்தமற்றதில்லை. வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியவர்கள், விற்றவர்கள் கைது என்ற செய்தி சென்னையில் சாதாரணமாகிவிட்டது. டிராமடால் 2018ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டதும் இதனால்தான். கதவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கதவுக்குச் சாவி ஒன்று நோயாளி பக்கமும் இருக்கணும்.

பெரியம்மாவின் நோட்டு

2014 பிப்ரவரியில், பதினைந்தாவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரில், அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆறும் "அத்தியாவசிய போதை மருந்துகள்" ஆயின. மாநிலத்துக்கு ஒரு விதி என்ற நிலை போய் நாடு முழுக்க ஒரே விதி. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்துக்கு ஒரே ஓர் அனுமதி போதும். பெரிய மாற்றம்தான். ஆனாலும் 2017ல் லான்செட் ஆணையம் கணக்குப் போட்டபோது, வலி தணிப்புத் தேவையில் இந்தியாவில் நிறைவேறுவது 4 சதவீதம். சட்டத்தைத் திருத்த ஒரு கூட்டத்தொடர் போதும். ஒரு தலைமுறையின் பயத்தைத் திருத்த அது போதாது.

அந்த 4 சதவீதத்தில் எங்கள் பெரியம்மா ஒருத்தி. 2022. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. சென்னையில் ஒரு டாக்டர் மார்ஃபின் எழுதியபோது பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "அவ்ளோதானா சார்?" கடைசி நேரத்தில்தான் மார்ஃபின் என்று அவருக்கு எண்ணம். பெரியம்மா கேட்டது, "நான் இதுக்கு அடிமையாயிடுவேனா?"

டாக்டர் அவசரப்படவில்லை. "உடம்பு இதுக்குப் பழகிடும்மா. அதனால திடீர்னு நிறுத்தக்கூடாது, நான்தான் படிப்படியா குறைப்பேன். அடிமைங்கறது வேற. வலிக்காதப்பவும் மனசு அதையே தேடும், குடும்பம் கெட்டாலும் விடாது. உங்களுக்கு அப்படி ஏதாவது தோணினா மறைக்காம சொல்லுங்க."

காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. ராத்திரி மட்டும் இரண்டு மாத்திரை, நடுவில் எழுப்பாமல் இருக்க. கூடவே தினமும் மலமிளக்கி, ஏனென்றால் மற்றத் தொந்தரவுகள் சில நாளில் அடங்கினாலும் மலச்சிக்கல் மட்டும் அடங்காது. தூக்க மாத்திரை எதையும் கேட்காமல் சேர்க்கக்கூடாது. எழுப்பினால் எழாத தூக்கமோ, மூச்சு ரொம்ப மெதுவாவதோ தெரிந்தால் உடனே போன். மாத்திரை பீரோவில், சாவி பெரியப்பா இடுப்பில். நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், எண்ணிக்கை, மீதி. 'மக்களைத் தேடி மருத்துவம்' நர்ஸ் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பெரியம்மாவைப் பார்ப்பார்.

தெருவில் பேச்சு வந்தது. "அபினியா குடுக்கறாங்க?" பெரியப்பா ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே சொன்னாராம், "ஆமா. ராத்திரி தூங்கறா. உங்களுக்கு என்ன?"

ஏழு மாசம் அப்படிப் போனது. வலி சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். திரும்பிப் படுக்கும்போது முகம் சுருங்கும். ஆனால் சீரியல் பார்த்தாள், மருமகளோடு சண்டை போட்டாள். பேத்திக்குத் திருத்தணியில் காதுகுத்து. படி ஏறமுடியாது என்று வண்டியில் மலைமேல் கொண்டுபோனோம். முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர். இந்தச் சிகிச்சைக்குத் தமிழில் வைத்திருக்கும் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது, நோய்த்தணிப்பு. தீர்ப்பது இல்லை, தணிப்பது. தங்கத் தோடு குத்தும்போது குழந்தை வீறிட்டது. "அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு" என்று பெரியம்மாதான் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு, மீதி மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கப் பெரியப்பாவோடு நானும் போனேன். எண்ணிப் பார்த்தார்கள். நோட்டில் இருந்ததும் அட்டையில் இருந்ததும் ஒன்றாக இருந்தது. வரும்போது பஸ்ஸில் அந்த நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், ஏழு மாசம். மொத்தம் 13 கிராம்கூட வரவில்லை. ஒரு குருமாவுக்கு அரைக்கிற கசகசா அளவு.

அப்படியே தாத்தாவுக்கும் போட்டுப் பார்த்தேன். விழுங்க முடியாமல் இருந்தார், கரைத்துத்தான் ஊற்றியிருக்கவேண்டும். நாலு மாசத்துக்கு ஏழு கிராம். அந்த வருஷம் நாட்டில் பதினெட்டு கிலோ இருந்தது.